தறி நின்ற பிறகு தண்டோரா

கண்ணு,

நீ போட்ட இன்லண்டு லெட்டர் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது, மெஸ் சாப்பாட்டில் உப்பு தூக்கல், அறையில் கூட இருக்கிற திருநெல்வேலிப் பையன் நல்ல மாதிரி என்பதெல்லாம் படித்து சந்தோஷம். எப்போதும்போல உன் நைனாவுக்குத் தறிப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தேன். அவர் பாட்டுக்கு நெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வந்ததும் தறி நின்றுவிட்டது. அதில், நான் வேலை பார்க்கிற ஊரில் கடலோரமாக ஒரு கழுவெளி இருக்கிறது, மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற வெறும் சேறு, அதைத் தூர்த்துக் கட்டடம் கட்டப் போகிறார்கள், அளவெடுத்து ஆட்சேபணை இல்லை என்று ரிப்போர்ட் எழுத வேண்டியது என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்துக் குப்பத்தில் பத்துப் பேர் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, கெடு முடிந்த பிறகு வந்து கத்துகிறார்கள், அறியாத ஜனங்கள், ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்கு வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

உன் நைனா அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் அதற்கு மட்டும் ஒரு வரி பதில் போட்டுவிட்டு மற்றதைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா? இன்லண்டில் அடங்காது என்று உன் தங்கையின் நோட்டிலிருந்து தாள் கிழித்திருக்கிறேன், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ உட்கார்ந்து நிதானமாகப் படி. எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்த காலத்தில் இங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். லீவுக்கு வந்தபோது பாதியைப் பார்த்தாய், மீதியைக் காதில் வாங்காமல் போய்விட்டாய். இப்போது அது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் தெருக்கோடியில், செவிலிமேட்டுக்குப் போகிற பக்கம் இருக்கிற தாங்கலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி என்று சொல்லவும் முடியாது, குட்டை என்று தள்ளவும் முடியாது. ஐப்பசியில் கரை தளும்பும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், நடுவில் பாதி நாள் கோரையும் சம்பும் மண்டிய சேறுதான். ஆனி மாதத்தில் நாற்றமும் அடிக்கும். கொசு வரும். பொய் சொல்வானேன்? நீ அதில் இறங்கி உள்ளான் குருவியைத் துரத்தப் போய் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கேதான். ஆனால் அந்தச் சேறுதான் நம் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஊற வைக்கிறது. பட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசை எடுக்கவும் சாயம் போடவும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் அரக்குச் சிவப்பு பாக்குக் கறை மாதிரி வந்து நிற்கும். பக்கத்து வீட்டு நரசம்மாவின் புருஷன் சாயம் போடுகிறவர் இல்லையா, அந்தத் தெலுங்குக் குடும்பம் முழுக்க அந்தக் கிணற்றை நம்பித்தான் சாப்பிட்டது. அது வெயில் காலத்துச் சங்கதி. மழைக் காலத்துச் சங்கதி வேறு. நம்முடையது குழித்தறி, நெய்கிறவர் காலை நீட்டி மிதிக்கிற குழி தரைக்குள் இருக்கிறது. மேட்டுத் தெருக்களிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர் எல்லாம் போய்த் தங்குவதற்கு அந்தத் தாங்கல் இல்லையென்றால் முதலில் நிரம்புவது ஒவ்வொரு வீட்டுத் தறிக்குழியும்தான். இதெல்லாம் எங்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். சொல்ல வேண்டிய தேவை வரும் என்று மட்டும் தெரியவில்லை.

அந்தத் தாங்கலைத் தூர்த்து லாரிகள் நிற்க ஒரு இடமும், மீதியில் வீட்டு மனைகளும் போடுவதென்று மேலே எங்கேயோ முடிவானது. ஆட்சேபணை இருந்தால் இத்தனாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்று தெருத் தெருவாகத் தண்டோரா போட்டார்கள். நம் தெருவிலும் போட்டார்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல வெயில் ஏறிய நேரம், தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தறி ஓடிக்கொண்டிருந்தது. நம் தெருச் சத்தம் உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் என்னைத் திட்டுகிறாள் என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன், அவள் பாவம் சாப்பிடத்தான் கூப்பிட்டிருக்கிறாள். இந்தச் சத்தத்துக்கு நடுவே தண்டோராக்காரர் தப்பட்டையைத் தட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனார். வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நானும் நரசம்மாவும் பார்த்தோம், அவர் வாய் அசைந்தது. சர்க்கஸ் வந்திருக்கிறது போல என்று நரசம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே நெய்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூட மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. புடவையின் கரையும் உடலும் கோத்து வருகிற நேரத்தில் யார் எழுந்து வருவார்கள்? இப்படி ஒரு தப்பு உலகத்தில் வேறு எந்தத் தெருவுக்கும் வாய்க்காது. காதுக்கு நேரே வந்து அடித்த தப்பட்டை எங்களுக்குக் கேட்கவில்லை.

கெடு முடிந்த பிறகு அளக்கிற சங்கிலியும் கொடியும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கூட ஒரு ஓவர்சீயர். ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காத பையன், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கோரைக்கு நடுவில் கல் நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நரசம்மா போய் என்ன ஏது என்று கேட்க, அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அவன் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது.

“தண்டோரா போட்டாச்சும்மா. ஆட்சேபணை இருந்தா கெடுவுக்குள்ள சொல்லியிருக்கணும். ஒருத்தரும் சொல்லல. இது இன்னாம்மா, வெறும் சேறுதான?”

நீ எழுதியிருக்கிற அதே வார்த்தை. அதனால்தான் உன் லெட்டரைப் படிக்கும்போது உன் நைனாவுக்கு மிதியில் கால் நின்றது.

அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளையார் கோயில் வாசலில் தெருவே கூடியது. தாங்கல் காப்புச் சங்கம் என்று பெயர் வைத்தோம். நாட்டாமை ஏகாம்பரத்தைத் தலைவராகப் போட்டோம். நம் தெருவில் இஸ்திரி போட்ட சட்டை வைத்திருந்தவர் அவர்தான், ஆபீசுக்குப் போவதற்கு அது வேண்டுமே. அவரும் உன் நைனாவும் இன்னும் சில பேரும் ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கினார்கள். போன இடமெல்லாம் ஒரே பேச்சு. கெடு தாண்டிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, ஊர் முன்னேறுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று உன் நைனா சொன்னதற்கு அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் வந்தது பார், அதுதான் பெரிய சோதனை. தூர்த்த இடத்தில் தெருக்காரர்களுக்கு வீட்டுக்கு ஒரு மனை தருகிறோம், சங்கத்தைக் கலைத்துவிடுங்கள் என்று கான்ட்ராக்டரின் ஆள் வந்து பேசினான். நம் ஏகாம்பரத்துக்கு மூன்று பிள்ளைகள், ஒரே வீடு. அவர் மனசு ஆடியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், மனை என்றால் யாருக்கு ஆசை இல்லை? சங்கம் இரண்டாகப் பிளந்தது. மனை வேண்டும் என்கிறவர்கள் கோயிலுக்கு இந்தப் பக்கம், தாங்கல் வேண்டும் என்கிறவர்கள் அந்தப் பக்கம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, கான்ட்ராக்டருக்கு அப்படி இருந்தது. தறியில் ஏற்றுகிற நீள நூலைத் தெருவில் இழுத்துக் கட்டுவோமே, அந்தப் பாவுக்குக்கூட ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் கை கொடுக்கப் போகாமல் நின்றுவிட்டார்கள். நம் தெருவில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ லீவுக்கு வந்தாய். டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் படம் வரைகிற டி ஸ்கொயரை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? இந்தச் சேற்றுக்காகவா சண்டை, லாரி வந்தால் கடை வரும், கடை வந்தால் வேலை வரும், எத்தனை நாளைக்குத்தான் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்றாய். நான்தான் கேட்டேன், லாரி ஓடுகிற தெருவில் பாவு எங்கேடா போடுவது என்று. அதற்கு நீ, பாவு போடுவதற்குக்கூடவா ஒரு தெரு என்று சிரித்தாய். நம் தெரு ஏன் இத்தனை அகலம் என்று நினைத்தாய்? சாமி தேர் வருவதற்கு மட்டுமா? விடியற்காலையில் பாவை வாசலுக்கு வாசல் நீளமாக இழுத்து, மூங்கில் கால்மேல் கிடத்தி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காய வைப்பதற்குத்தான் அந்த அகலம். அதற்குத் தெருவில் பாதிப் பேர் வேண்டும், பகையாளியும் வந்து ஒரு முனையைப் பிடித்தாக வேண்டும். தெரு போனால் அதுவும் போயிற்று. இதை அன்றைக்கு உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பதில் சொன்னது மழைதான். நாங்கள் இரண்டுபட்டுக் கிடந்த நேரத்தில் தாங்கலின் கிழக்கு மூலையை, தெருத் தண்ணீர் போய் இறங்குகிற அந்த வாயைத்தான், லாரி லாரியாக மண் கொட்டி அடைத்துவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் போவதற்கு வழியில்லாமல் திரும்பி நம் தெருவுக்கே வந்தது. விடிந்து பார்த்தால் தறிக்குழி நிறையத் தண்ணீர், தறியில் பாதி நெய்த மாம்பழக் கலர் முகூர்த்தப் புடவை. நீயும் உன் நைனாவும் குடத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினீர்கள், ஊற்ற ஊற்ற ஊறிக்கொண்டே இருந்தது. உன் டெரிலின் சட்டை சேறாகிப் போனது. ஏகாம்பரம் வீட்டில் நான்கு தறி, நான்கு குழியும் முழுகிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த மனுஷன், கண் கலங்கிப் போயிருந்தது.

“மனை வாணாம்மா. குழியில தண்ணி நின்னா மனையில போயி இன்னாத்தைப் போட்டு நெய்யறது? வா, உக்காந்து பேசலாம்.”

நீ மழை விட்டதும் பஸ் ஏறிவிட்டாய். அதற்கு மேல் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

குழி காய்ந்து தறி மறுபடி ஓடுவதற்கு மார்கழி ஆகிவிட்டது. தை பிறந்ததும் மீதி மண்ணைக் கொட்ட லாரி வரப் போகிறது என்று தெரிந்தது. தாங்கலுக்கு லாரி போக வேண்டுமானால் நம் தெரு வழியாகத்தான் போக வேண்டும். கல்லெடுத்து அடிப்பதா, தெருவில் படுப்பதா, கலெக்டரிடம் போவதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நரசம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள், தினம் செய்கிற வேலையைச் செய்தால் போதாதா, பாவு போடுங்களேன் என்று. எல்லோரும் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார்கள். பாவு போட்டிருக்கும்போது குறுக்கே நாய்கூடப் போகாது. போனால் அடி விழும் என்று அதற்கே தெரியும். முகூர்த்தப் புடவைக்குப் போட்ட பாவைத் தாண்டினாலோ அறுத்தாலோ கல்யாணத்துக்கு ஆகாது என்று சுற்றுப்பட்டு ஊர் முழுக்க ஒரு பேச்சு உண்டு. தை மாசம், ஊரெல்லாம் கல்யாணம், தெருவில் எந்த வீட்டில் முகூர்த்தப் புடவை இல்லை? ஒரு வீட்டுப் பாவை எடுக்கும்போதே அடுத்த வீட்டுப் பாவை இழுத்துக் கட்டிவிடுவது என்று முறை வைத்தோம். உச்சி வெயிலில் பட்டுப் பாவைத் தெருவில் வைக்க முடியாதே, அதற்கு உன் நைனா ஒரு வழி சொன்னார். பாவை எடுத்த பிறகு தெருமுனை வீட்டில் லாரியைக் கண்டால் உடனே தறியை நிறுத்திவிட வேண்டும். பக்கத்து வீட்டில் அது கேட்கும், அவர்களும் நிறுத்த வேண்டும். இப்படியே தெரு முழுக்க அடங்கிப் போகும், அடங்கினால் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும். தண்டோரா கேட்காமல் போனதற்குச் சரியான மருந்து அதுதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

லாரி வந்த அன்றைக்கு நம் வீட்டுப் பாவுதான் தெருவில் கிடந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். முன்னால் வந்த லாரி டிரைவர் முசரவாக்கத்துப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம், பெரிய மீசை. ஹாரன் அடித்தார். ஒருத்தரும் திரும்பவில்லை. இறங்கி வந்து, எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டார். இதற்கப்புறம் அடுத்த வீட்டுப் பாவு இருக்கிறது, அதற்கப்புறம் அதற்கு அடுத்த வீடு என்று சொன்னேன். அவருக்கும் கோபம் வந்தது, ஏறி உட்கார்ந்து என்ஜினை உறும விட்டார். சக்கரம் பாவுக்கு ஒரு கஜ தூரத்தில் இருந்தது. நான் நகரவில்லை.

“இது கல்யாணப் பாவுபா. எந்த வூட்டுப் பொண்ணு கட்டப் போற புடவையோ. உனக்கு மனசு வந்தா ஏத்திக்கினு போ.”

அவர் கொஞ்ச நேரம் பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்ஜினை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டிலும் தை கடைசியில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த லாரிகளும் வரிசையாக நின்றன. கான்ட்ராக்டரின் ஆள் குதித்தான், கத்தினான், ஆபீசுக்கு ஓடினான்.

மத்தியானம் அந்த ஓவர்சீயர் பையன் சைக்கிளில் வந்தான், கூட ஒரு போலீஸ்காரர். அதற்குள் வெயில் ஏறிப் பாவை எடுத்துவிட்டோம், ஆனாலும் அந்த டிரைவர் லாரியை எடுக்கவில்லை. எல்லோரும் உள்ளே தறியில் இருந்தார்கள். அவன் தெருமுனையைத் தாண்டியதும் முதல் வீட்டுத் தறி நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வர அவனுக்கு முன்னால் தெரு அடங்கிப் போனது. நம் தெருவில் பட்டப்பகலில் அப்படி ஒரு அமைதியை அவன் அதற்கு முன் கேட்டதில்லை, நானும்தான் கேட்டதில்லை. தாங்கலிலிருந்து தவளை கத்துவதுகூட வீட்டு வாசலில் கேட்டது. எல்லோரும் வாசலில் நின்றார்கள், ஒருத்தரும் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

“இப்ப நீ பேசினா எல்லாருக்கும் கேக்கும் பார். இந்த மாதிரி இருக்கும்போது தண்டோரா போட்டியா நீ? தறி ஓடிக்கினு இருக்கும்போது போட்டுட்டு, யாரும் ஆட்சேபிக்கலன்னு எழுதிக்கினியே. இப்ப போடு. இப்ப கேட்டுட்டும் நாங்க வாய மூடிக்கினு இருந்தா, அப்புறம் மண்ணைக் கொட்டு.”

நரசம்மா பின்னாலிருந்து, ஏமய்யா, காது கேட்டுச்சா என்றாள். சிலர் சிரித்துவிட்டார்கள், அவனும் லேசாகச் சிரித்தான். பிறகு தொப்பென்று பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேட்டான், நம் வீட்டுச் செம்பில்தான் கொடுத்தேன். தறிக்குழியைப் பார்க்கலாமா என்று கேட்டான். உன் நைனா உள்ளே அழைத்துப் போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினார். அவன் கையை வைத்துப் பார்த்தான். வெளியே வந்து போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டான். லாரிகளையும் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவன் என்ன எழுதினான் என்பதை ஏகாம்பரம் பிறகு ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். பெரிய காவியம் ஒன்றும் எழுதவில்லை. இந்தத் தெருவில் தண்டோரா ஜனங்கள் காதில் விழவில்லை, மறுபடி போட வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்கே மேலே அவனை என்ன பாடு படுத்தினார்களோ, தெரியாது. மறுபடி தண்டோரா வந்தது. அன்றைக்கு ஒரு தறி ஓடவில்லை. தப்பட்டைச் சத்தம் தெருவுக்கு அந்தப் பக்கம் வயல்வெளி வரைக்கும் கேட்டது. ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆட்சேபணை கொடுத்தோம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். விசாரணை வைத்தார்கள், இடத்தை வந்து பார்த்தார்கள், இழுத்தடித்தார்கள். கடைசியில் லாரி நிற்கிற இடம் மேட்டுப் பக்கம் ஒரு பொட்டல் காட்டுக்குப் போனது. முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. கொட்டிய மண் கொட்டியதுதான், அந்தக் கிழக்கு மூலை இன்றைக்கும் மேடாகத்தான் இருக்கிறது, அதன்மேல் ஒரு சைக்கிள் கடை வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தாங்கலுக்கு விட்டுக்கொண்டோம். சங்கம் இன்னும் இருக்கிறது. வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால் தெருவே இறங்கிக் கால்வாயைத் தூர் வாருகிறோம், ஏகாம்பரம் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் கூடை எடுக்கிறார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. போன மழைக்குத் தறிக்குழியில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நீ டிப்ளமோ முடித்து வேலை கிடைத்து ஆர்டரைக் கொண்டுவந்து என் காலில் விழுந்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. நம் பிள்ளையும் அப்படி ஒரு ஓவர்சீயராக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

இனிமேல் உன் கழுவெளிக்கு வருகிறேன். அதை நான் பார்த்ததில்லை. அது நல்லதா கெட்டதா, அதைத் தூர்க்கலாமா கூடாதா என்று காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன், உன் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அது எனக்கும் தெரியும். மேலதிகாரியோடு மல்லுக்கட்டு என்றும் சொல்லவில்லை. ஆனால் அறியாத ஜனங்கள் என்று எழுதினாயே, அதை அழித்துவிடு. அந்தச் சேற்றில் அவர்கள் என்ன பிடிக்கிறார்கள், என்ன அறுக்கிறார்கள், புயல் வந்தால் கடல் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது, அவர்கள் வலை காயப் போடுகிற இடம் எது என்று போய்க் கேள். ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார். உனக்குச் சேறு புதுசில்லை, குடத்தால் மொண்டவன்தானே நீ. அவர்கள் சங்கத்துக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. தண்ணீர் கொடுத்த வீட்டைப் பற்றி யாரும் பொய் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். அதையும் மீறி எழுத உனக்குக் கை வருமானால், பொங்கலுக்கு வா, சாப்பாடு போடுகிறேன், பெற்ற பிள்ளையாயிற்றே. ஆனால் என்னிடம் நீ பேச ஒன்றும் இருக்காது.

உன் நைனா கேட்டதை எழுதுகிறேன் என்றேன் அல்லவா? தறியை நிறுத்திவிட்டுக் குழியிலிருந்து காலை எடுத்து வெளியே வைத்தார். பிறகு கேட்டார், “தண்டோரா எப்பப் போட்டாங்களாம்? படகெல்லாம் கடலுக்குப் போன பின்னாடியா?”

உன் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் அது இல்லை. நீ விசாரித்திருக்க மாட்டாய். போய் விசாரி. ஆண்பிள்ளைகள் எல்லாம் கடலில் இருக்கிற நேரத்தில், பெண்கள் எல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிற நேரத்தில் அடித்திருந்தால் அது தண்டோரா இல்லை. மறுபடி போட வேண்டும் என்று ஒரு வரி எழுது. நாங்களாவது எங்கள் தறியை நிறுத்திக்கொண்டோம். அவர்களால் கடலை நிறுத்த முடியாது. படகு கரைக்கு வந்து சேரும்வரைக்கும் நீதான் காத்திருக்க வேண்டும்.

உன் அம்மா